வாசலில் என் மேசை

என் மனைவி தன் க்ளினிக்குக்காகத் தேர்ந்தெடுத்த இடம் அதற்கு முன் ரெடிமேட் துணிக்கடையாக இருந்தது. செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில், பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு. இரண்டு பக்கமும் தொழிற்சாலைக் குடும்பங்கள். சாவியை வாங்கிக்கொண்டு முதல்முறை உள்ளே போனபோது மூன்று சுவர்களிலும் ஆளுயரக் கண்ணாடிகள் அப்படியே இருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்கள் இருவர்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"மொதல்ல இதையெல்லாம் கழட்டோணுமுங்க" என்றாள். "காச்சலோட வர்றவன் தன் மூஞ்சியப் பாத்தே பயந்து ஓடிப்போயிருவான்."

நான் அளவுநாடாவை விரித்தேன். கையில் ஏதாவது கருவி இருந்தால்தான் அப்போதெல்லாம் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடிந்தது.

அந்த ஆண்டு எங்கள் இருவருக்குமே வேலை இல்லாமல் போயிருந்தது. அவள் தானாக விட்டாள். என்னை விடச் சொன்னார்கள். அவள் செகந்திராபாத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்தவள். நோயாளி தன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிடுகிறார்கள் என்பது அவளுடைய நீண்ட நாள் ஆற்றாமை. ஒரே குடும்பத்தை வருடக்கணக்காகப் பார்க்க வேண்டும், கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனால் அந்த வீட்டுப் பெரியவரின் சர்க்கரையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும், அப்படி ஒரு மருத்துவராக இருக்க வேண்டும் என்று கோயம்புத்தூரில் படித்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் செகந்திராபாத்தில் பிறந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். எனக்குக் குஷாய்குடாவின் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. பணிக்காலம் முழுவதும் ஒரே பிரிவு, இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். வெளியிலிருந்து தொழிற்சாலைக்குள் வரும் எந்தப் பொருளும், ஒரு திருகாணியே ஆனாலும், முதலில் எங்கள் மேசையில் நிற்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, என்ன குறை என்று பார்த்து எழுதிய பிறகுதான் உள்ளே போகலாம். அந்தப் பிரிவை வேறொரு பிரிவோடு சேர்த்தபோது எங்களில் சிலருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளின் கீல்களுக்கும் எண்ணெய் விட்டு முடித்துவிட்டேன். பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் க்ளினிக்கை வரைந்தாள். ஒரு சதுரம் அவள் மேசை. பக்கத்தில் நோயாளியின் நாற்காலி, துணைக்கு வருபவருக்கு இன்னொன்று. நீண்ட செவ்வகம், படுக்க வைத்துப் பார்க்கும் கட்டில். கை கழுவும் தொட்டி. வெளியே சிஸ்டருக்கு ஒரு சின்ன மேசை, காத்திருப்பவர்களுக்கு இரண்டு பெஞ்சு, தடுப்பூசி பிரிட்ஜ், மூலையில் கழிவுப் பெட்டிகள். தாளை நான் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு நாற்காலிகூட இல்லை.

அதைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் நான் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கேள்விதான் இருந்தது. அவளுக்கு ஒரு க்ளினிக் வேண்டும். எனக்கு அதில் ஓர் இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடி அந்தக் கீல்கள்தான்.

சாமான்கள் வாங்கச் செகந்திராபாத் கடைத்தெருவுக்குப் போனோம். மருத்துவக் கருவிகள் விற்கும் கடை. நீண்டு ஒடுங்கிய இடம், தலைக்கு மேல் சக்கர நாற்காலிகள் தொங்கின. அவளுக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த பி.பி. கருவி, இந்த நெபுலைசர், இந்த எடை மெஷின் என்று கை காட்டிவிட்டுக் கட்டில்களைப் பார்க்கப் போனாள். நான் பி.பி. கருவிகளோடு நின்றேன். ஒரே மாடலில் நான்கைத் திறக்கச் சொன்னேன். ஒன்று மாற்றி ஒன்றாக என் கையிலேயே கட்டி அழுத்தத்தைப் பார்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தேன். மூன்றாவதைக் கட்டியபோது கடைக்காரர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டார்.

"காய்கூ இத்னா டென்ஷன், சாப்? யே ராக்கெட் நைய், பி.பி. மெஷின் ஹை" என்று, எதற்கு இவ்வளவு டென்ஷன், இது ராக்கெட் இல்லையே என்ற பாவனையில் கேட்டார். "நாலு வாட்டி அமுக்கினா உங்க பி.பி.தான் ஏறும்" என்றும் சேர்த்துக்கொண்டார், அந்தத் தெருவின் எல்லா மொழிகளையும் கலந்து.

"என்னங்க சொல்றாரு?" என்று கட்டில் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்.

"நல்ல மெஷின்னு சொல்றார்."

"அவரு மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலீங்களே" என்று சிரித்தாள். பிறகு கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து, கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடுவதைக் காட்டினாள். "இது ஆகாதுங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு பேரு தூக்கி ஏத்திவிடுவாங்க. இங்க முட்டி வலிக்காரம்மா எப்படி ஏறுவாங்க? இன்னும் தாழ்வா வேணும்."

தாழ்வான கட்டில் கிடைத்தது. எடை மெஷினில் பக்கத்து மளிகைக் கடையிலிருந்து வாங்கிவந்த பிரிக்காத அரிசிப் பைகளை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன். கடைக்காரர் எங்களை வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார். திரும்பி வந்துவிடப் போகிறேனோ என்ற சந்தேகத்தில் இருக்கலாம்.

தடுப்புச் சுவர் விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஏழடி உயரத்துக்குப் பிளைவுட் போதும், காற்று போய்வரும் என்றேன். அவள் கேட்கவில்லை.

"கூரையத் தொடோணும். உள்ள பேசறது வெளிய ஒரு சொல்லு வரக் கூடாது. எனக்கு கை கழுவத் தண்ணி, படுக்க வெக்கக் கட்டில், சாத்திக்க ஒரு கதவு. மத்ததெல்லாம் உங்க சந்தோஷத்துக்கு வாங்குங்க."

கூரைவரை எழுப்பினோம். என்னுடைய சோதனை இல்லாமல் அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. போனில் செய்தி வாசிப்பை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே மூலைக்கு மூலை காதை வைத்துக் கேட்டேன். கதவின் அடியில் மட்டும் லேசாக முணுமுணுப்பு வந்தது. அங்கே தடித்த கம்பளிப் பட்டை ஒன்றை ஒட்டினேன். மறுபடி கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அதைப் பெருமையோடு அவளிடம் சொன்னேன். "பிரமாதமுங்க" என்றாள், உண்மையாகவே.

அடுத்த வாரம் என் மேசை வந்தது. தச்சரிடம் அவளுக்குச் சொல்லாமல் கொடுத்திருந்தேன். தேக்கு நிறம், மேலே கண்ணாடி, இரண்டு இழுப்பறை. வாசலுக்கு நேரே போட்டேன். படியேறி வருபவர் யாராக இருந்தாலும் அந்த மேசையைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. சுவரில் மாட்டும் சின்ன விசிறி ஒன்றையும் அதற்கென்று பொருத்தினேன்.

"இது எதுக்குங்க?" என்றாள்.

"பதிவு பண்ண. யார் வர்றாங்க, என்ன தொந்தரவு, எப்போலேர்ந்துன்னு நான் முதல்லயே எழுதி உள்ள அனுப்பிட்டா உனக்கு நேரம் மிச்சம்."

"சிஸ்டர் இருக்காங்களே."

"அவங்களுக்கு ஊசி இருக்கு, டிரெஸ்ஸிங் இருக்கு. இது தனி வேலை."

அவள் கண்ணாடியின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே மேசையைச் சுற்றி நடந்தாள். "மூலை கூரா இருக்குதுங்க. கொழந்தைக இடிச்சுக்கும்" என்றாள். அன்றைக்கே நான்கு மூலைகளுக்கும் ரப்பர் ஒட்டினேன். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திறப்பு நாளன்று தெருவே வந்தது. தொழிற்சாலையின் பழைய ஆட்கள் எல்லோரும் மனைவி மக்களோடு வந்தார்கள். லட்டு, மிக்சர், காப்பி. பிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். எடை மெஷினில் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள். கட்டிலின் உயரத்தைப் பெண்கள் மெச்சினார்கள். இத்தனை வீட்டிலும் இனி அவள்தான் மருத்துவர் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்தும் வந்தார்கள். படியேறி வருவார்கள், என்னைப் பார்ப்பார்கள், "சார்!" என்று கையெடுப்பார்கள். பெஞ்சில் உட்காருவார்கள். நான் பதிவேட்டைத் திறந்து, "சொல்லுங்க, என்ன ப்ராப்ளம்?" என்பேன்.

"ப்ராப்ளமா? ஒண்ணும் இல்ல சார். சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு."

டீ வரும். தொழிற்சாலைக் கேன்டீன், புதிதாக வந்த மேனேஜர், யார் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் என்று பேச்சு போகும். கிளம்பிவிடுவார்கள். அடுத்தவர் வருவார். மாலை முழுவதும் வாசல் நிறைந்திருந்தது. இத்தனை பேர் என் மேல் இவ்வளவு பிரியமாக இருந்தார்கள் என்பது வேலையில் இருந்தபோது எனக்குத் தெரியாது. உள்ளே அவள் தனியாக இருந்தாள். சிஸ்டர் ஏற்கெனவே மடித்துவைத்த பஞ்சையும் கட்டுத்துணியையும் எடுத்து மறுபடி மடித்துவைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இந்த ஊர்க்காரர், தெலுங்குக்காரர். என் மனைவியோடு மருத்துவமனையிலிருந்து வந்தவர். சில சமயம் என் மேசைப் பக்கம் வந்து எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "ஒக்க நிமிஷம் விசிறி ஆப் பண்ணட்டா சார், தூசி" என்று வேறெதையாவது கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு நாள் வெல்டிங் பிரிவிலிருந்த ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் சேலைத் தலைப்பை அடிவயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான் எழுந்து நாற்காலி போட்டு, முறையாக ஆரம்பித்தேன்: தொந்தரவு என்ன, எப்போது தொடங்கியது, வேறு யாரிடமாவது காட்டினீர்களா. அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் பெஞ்சைப் பார்த்தார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல சார். வெயில்தான். கொஞ்சம் தண்ணி குடுத்தீங்கன்னா போதும்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள். உபசரித்த திருப்தி எனக்கு.

உண்மையில் உள்ளே போன நோயாளிகள் மிகச் சிலர். காய்ச்சல் கண்ட பள்ளிப் பிள்ளைகள், கையைக் கிழித்துக்கொண்ட ஒரு ஆட்டோ டிரைவர், வழியில் மயக்கம் வந்து உட்கார்ந்த ஒருவர். தெருவைச் சேர்ந்த பெரியவர்கள் யாருமே இல்லை. அவள் அடிக்கடி வெளியே வந்து வாசலை எட்டிப் பார்ப்பாள். பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து வணக்கம் சொல்வார்கள். உள்ளே போய்விடுவாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். யாரையும் தொடாமலேயே கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மழை தொடங்கிய சமயம் மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்றும், இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால் பழைய இடத்துக்கே வரலாம் என்றும், அதற்குப் பிறகு வேறொருவரை எடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்களாம். சாப்பிடும்போது அதைச் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேனுங்க."

அவளுடைய பதிலில் இருந்த அமைதி என்னைப் பிடித்து உலுக்கியது. இத்தனை வருடம் ஆசைப்பட்டது மாதக் கடைசியில் முடிந்துபோகும். அதோடு என் நாற்காலியும். என்னால் உட்கார முடியவில்லை. பெயர்ப்பலகையைத் துடைத்தேன். குழல்விளக்கை மாற்றி வெளிச்சத்தைக் கூட்டினேன். பதிவேட்டில் புதிதாக இரண்டு பத்திகள் போட்டேன்: முன்பிருந்த நோய்கள், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. வருபவர்களிடம் இன்னும் விரிவாகக் கேட்க ஆரம்பித்தேன். வருபவர்கள் இன்னும் வேகமாகக் கிளம்பினார்கள். மேசையை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துப் போட்டேன், என் கண்ணில் படாமல் யாரும் உள்ளே நழுவிவிடக் கூடாது என்று.

குழந்தைகளுக்கான நெபுலைசர் மாஸ்க் தேவைப்பட்டது. அல்வாலில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு முற்பகல் ஸ்கூட்டரில் கிளம்பிப் போனேன். கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி வேறொரு மருத்துவரின் க்ளினிக். வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் வெல்டிங் பிரிவுக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்த இன்னொருவர். கடைசி நாற்காலியில், செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, என் சிநேகிதன். ரயில்வே காலனியில் என்னோடு வளர்ந்தவன், தொழிற்சாலையிலும் என்னோடு இருந்தவன். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

குஷாய்குடாவிலிருந்து இவ்வளவு தூரம், என் வாசலைத் தாண்டி வந்திருக்கிறார்கள்.

வெல்டிங்காரர் எழுந்து, "சார், நாங்க கிளம்பிட்டோம்" என்று சொல்லிவிட்டு, கிளம்ப முடியாமல் நின்றார். உள்ளே அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு இருவரும் உள்ளே போனார்கள். சிநேகிதன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, என்னைத் தெருவோரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

"இன்னா பா, இங்கயும் இன்ஸ்பெக்‌ஷனா?"

"நீ ஏன் இங்க வந்தே?"

"அதான். அதத்தான் சொல்றேன். இப்ப கேட்ட பாரு, அது மாதிரிதான் நீ அங்கயும் கேக்கற. 'என்ன டிஃபெக்ட், எப்ப ஆரம்பிச்சுது, யாரு பாத்தது?' ஒரு ரிஜிஸ்டர் வேற."

"டாக்டர்கிட்ட சொல்லத்தானே வர்றீங்க?"

"டாக்டர்கிட்ட! உன்கிட்ட இல்ல. எனக்கு மூலம் பா. அத நான் உன் கண்ணாடி மேசை முன்னாடி நின்னு சொல்லணுமா? நாளைக்கு ரிடயர்மெண்ட் பார்ட்டில உன் பக்கத்துல உக்காந்து மிர்ச்சி பஜ்ஜி எடுத்தா நீ என் தட்டப் பாப்ப."

"பாக்க மாட்டேன்."

"ஹவ், பாப்ப. உனக்கே தெரியாம பாப்ப. உன் கண்ணு அப்படி." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஆம்பள, சொல்லித் தொலைச்சிடுவேன். அந்தம்மாவ நெனச்சுப் பாரு. அவ புருஷன் பிரிவுக்கு வந்த சாமானையெல்லாம் வருஷக்கணக்கா குறை சொல்லி திருப்பி அனுப்பினவன் நீ. உன் எதுர்ல அவன் பொண்டாட்டி வயித்து வலிய சொல்வாளா? நக்கோ பா, வேணாம். டாக்டரம்மா தங்கம். எல்லாருக்கும் அங்கதான் வரணும்னு ஆசை. வாசல்ல நீ உக்காந்துட்டியே."

"யாராவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"யாரு சொல்றது? உன்னப் பாத்தா பாவமா இருக்கு. டீ குடிச்சிட்டு வந்துடறோம்."

மாஸ்க் வாங்கினேனா என்று இப்போது நினைவில்லை. அன்றைய நாட்குறிப்பில் வாங்கியதாகத்தான் எழுதியிருக்கிறேன். ரயில் கேட் மூடியிருந்தது. எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு நின்றார்கள். நான் அணைக்காமல் முறுக்கிக்கொண்டே நின்றதில் முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். எனக்கு அவமானம் இருந்தது, கோபமும் இருந்தது. அந்த டீக்கெல்லாம் நான் உருகியதை நினைத்தபோது அது இன்னும் ஏறியது. கூரைவரை சுவர் எழுப்பி, கதவுக்கு அடியில் கம்பளி ஒட்டி, ஒரு சொல்கூட வெளியே போகாமல் அடைத்துவிட்டு, அந்தச் சொற்களை எல்லாம் வெளியிலேயே கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறேன். அந்த ஆள் நான்.

க்ளினிக்குக்கு வந்தபோது மதியம். சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். அவள் உள்ளே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அல்வாலில் பார்த்ததைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஆச்சரியம் வரவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சிஸ்டர் சொன்னாங்க. மொத வாரமே."

"மொத வாரமேவா? ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"எப்படிங்க சொல்லறது?" அவள் எழுந்து கை கழுவப் போனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். "வேலை போச்சு. நீங்க வீட்டுக்குள்ள நடக்கறதப் பாத்துட்டுத்தான இருக்கேன். இங்க வந்ததும்தான் ஒரு எடத்துல உக்காந்தீங்க. அதையும் எந்திரிங்கன்னு நான் சொல்லோணுமா?"

"அதுக்காக? க்ளினிக்கே போனாலும் பரவாயில்லையா?"

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு வர்றேன்னு சொல்லிரலாம்னு இருந்தேனுங்க. வெள்ளிக்கிழமை போன் பண்றதா இருந்தேன்."

"பைத்தியமா உனக்கு? இத்தனை வருஷமா நீ கேட்டது இது!"

"நீங்களுந்தான் இத்தனை வருஷமா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலை. இப்பத்தான் மொதமொத ஒண்ணு கேட்டீங்க. அதுவும் வாயத் தொறந்து கேக்கல. மேசையாக் கொண்டாந்து போட்டீங்க."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். கண்ணில் நீர் இருந்தது. குரலில் எரிச்சல்தான் இருந்தது. எனக்கும் எரிச்சல்தான் வந்தது. பரிதாபப்பட்டார்களே என்று ஊர் முழுவதன் மேலும், இவள் மேலும். பிறகு நான் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன பண்றீங்க?"

"கண்ணாடியைக் கழட்டறேன். இல்லாட்டி தூக்கறப்ப உடையும்."

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"சாயங்காலம் திறக்கறதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது."

அவள் வந்து மறுபக்கம் பிடித்தாள். தெருமுனையில் இஸ்திரி போடுபவர் மேசையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு பேரைக் கூட்டிவந்து தூக்கிப் போனார். மேசை இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சிஸ்டரின் சின்ன மேசையை வாசலுக்குப் பக்கவாட்டில், வருபவர் முகம் பார்க்காதபடி திருப்பிப் போட்டோம். பதிவேட்டில் பெயரும் வயதும் மட்டும். திரும்பி வந்த சிஸ்டர் வெறும் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், டீ தாகுத்தாரா?" என்றார். அந்த க்ளினிக்கில் எனக்கு ஒருவர் தாமாக டீ தந்தது அதுதான் முதல்முறை.

சிநேகிதனுக்குப் போன் செய்தேன். "இனிமே நான் அங்க இருக்க மாட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிடு."

"நான் எதுக்கு பா சொல்லணும்? ஒவ்வொரு வீடா போய், 'அவன் இல்ல, இனிமே உங்க சீக்கெல்லாம் எடுத்துட்டு வாங்க'ன்னு தண்டோரா போடவா? க்ளினிக் தொறக்கற நேரத்துல நீ ரோட்ல நட. அவ்ளோதான். இவன் இங்க நடக்கறான், அப்ப அங்க இல்லன்னு ஜனங்களுக்கே புரியும்."

சொன்னபடியே நடந்தேன். காலையும் மாலையும், க்ளினிக் திறந்திருக்கும் நேரமெல்லாம். முதலில் எங்கே போவது என்று தெரியாமல் கால் க்ளினிக் தெருப் பக்கமே திரும்பும். இழுத்துத் திருப்பிக்கொண்டு காய்கறிக் கடைகள் பக்கம், பஸ் நிறுத்தம், தொழிற்சாலையின் மதில்சுவரை ஒட்டிய நடைபாதை என்று சுற்றினேன். தெரிந்தவர்கள் எதிரே வந்து, என்னைப் பார்த்து நின்று, "சார், வாக்கிங்கா?" என்பார்கள். "ஆமா, இனிமே தினமும் இந்த நேரத்துல" என்று கொஞ்சம் உரக்கவே சொல்வேன். அவர்கள் கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை அவள் மருத்துவமனைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னாள். அப்போது நோயாளிகள் பெருகிவிட்டார்கள் என்றில்லை. ஆனால் அந்த வாரம் முதல்முறையாக அவள் வீட்டுக்கு வரத் தாமதமானது. பசியோடு வந்து, நான் சூடாக்கி வைத்ததைச் சாப்பிட்டாள். யார் வந்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. கேட்பதற்கு வாயெடுத்தேன். வெல்டிங்காரரின் மனைவி வந்தாரா என்பதுதான் என் நாக்கின் நுனியில் இருந்தது. ரசத்தை ஊற்றினேன்.

இன்றைக்கும் அது எனக்குப் பழகவில்லை. க்ளினிக் திறக்கும் முன் போய் எல்லாவற்றையும் சரிபார்க்கிறேன். பிரிட்ஜின் வெப்பநிலை, இன்வெர்ட்டர், பி.பி. கருவியின் அளவு. பிறகு சிஸ்டர் விளக்கைப் போடும்போது வெளியேறி நடக்கத் தொடங்குகிறேன். இந்த ஊரில் யாருக்கு என்ன என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்க நான் தினமும் பாடுபட வேண்டியிருக்கிறது. ஒருவர் சற்றே நொண்டி நடந்தால் என் கண் தானாகக் காலுக்குப் போகிறது. சிநேகிதன் சொன்னது சரிதான். போகும்போதே அதைப் பிடித்து முகத்துக்குக் கொண்டுவருகிறேன்.

போன வாரம் பஸ் நிறுத்தத்துக்கு அருகே சிநேகிதனும் அவன் மனைவியும் எதிரே வந்தார்கள். க்ளினிக் பக்கத்திலிருந்துதான் வந்தார்கள். அவன் மனைவியின் கையில் மருந்துச் சீட்டு. என் மனைவியின் நீலமைக் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சட்டென்று அதை இரண்டாக மடித்தார். கைப்பையின் ஜிப் சிக்கிக்கொண்டது.

"இன்னா பா, தயிர் வாங்க வந்தோம்" என்றான் சிநேகிதன். எல்லோரிடமும் அவ்வளவு பேசுபவன்.

"மேகத்தைப் பாத்தியா?" என்றேன். "அல்வால் பக்கம் நல்லா கறுத்துருக்கு."

"ஹவ் பா. இன்னிக்கு ஊத்தும்போலத்தான் இருக்கு."

இருவரும் அண்ணாந்து பார்த்தோம். கறுத்த மேகம் ஒன்றும் இல்லை. ஏதோ இரண்டு வெள்ளைத் துணுக்குகள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, போன முறை இந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நான் பேசிக்கொண்டே போனேன். எனக்குக் கால் கடுத்தது, நடக்க வேண்டும்போல் இருந்தது. ஜிப் இழுபடும் சத்தம் முழுவதுமாகக் கேட்கும்வரை வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.